திருத்தாமல் எழுதுகிறோம், ஞானம் அக்கா

பாசத்துக்குரிய ஞானம் அக்கா,

நீங்கள் போய் மூன்று வருடம் முடிந்துவிட்டது. இவ்வளவு நாளும் உங்களுக்கு ஒரு வரி எழுதாமல் இருந்ததற்கு மறதி காரணமில்லை. உங்களுக்குச் சொல்ல ஏதாவது நல்ல சேதி கையில் வரட்டும், பிறகு எழுதலாம் என்றிருந்தேன். இப்போது வந்திருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முதல், நான் செய்த பிழையிலிருந்து தொடங்கவேண்டும். இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். அவர்களுக்கும் நீங்கள் யார் என்று தெரியவேண்டாமா?

எண்பத்தைந்தில், யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்தில், வேலணைச் சனசமூக நிலையத்தின் அறிவித்தல் பலகையில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. ஒட்டியவர் தேவகி. கூட்டுறவுச் சங்கக்கடையில் கிளாக்காக இருந்தவர். "கவிதை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே கொப்பியில் எழுதி, மாறி மாறி வாசித்து அபிப்பிராயம் எழுதுவோம். விருப்பமானவர்கள் சங்கக்கடையில் பெயர் கொடுக்கவும்." பத்திரிகைகளுக்கு அனுப்பி அனுப்பி அலுத்துப்போயிருந்த நான், நாரந்தனையிலிருந்து சைக்கிளில் போய்ப் பெயர் கொடுத்தேன். மண்டைதீவில் கடற்றொழில் செய்த அல்பேட் அடுத்த கிழமை வந்து பெயர் கொடுத்தாராம். நான்காவது ஆள் நீங்கள். தமக்கையின் பிள்ளைப்பேற்றுக்காக நெடுந்தீவிலிருந்து வேலணைக்கு வந்து நின்ற இடத்தில் அந்தக் கடதாசியைக் கண்டிருக்கிறீர்கள்.

இடப்பக்கம் கவிதை, வலப்பக்கம் மற்றவர்களின் அபிப்பிராயம். மண்டைதீவுக்குக் கொப்பியைப் பஸ் கொண்டக்டர் கொண்டுபோவார். குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்கு லோஞ்ச் என்கிற மோட்டார் படகில் போகும். ஒரு சுற்று முடிய ஒரு மாதம் பிடிக்கும். உங்கள் முகத்தை நான் காணவில்லை. அல்பேட்டின் முகத்தையும் காணவில்லை. எழுத்தை மட்டும்தான் தெரியும். தேவகியின் எழுத்து கோடு போட்டாற்போல நேராகப் போகும். அல்பேட்டின் கொப்பிப் பக்கத்தில் மீன் வாசம் அடிக்கும். உங்கள் எழுத்து பெரிய பெரிய உருட்டெழுத்து, பென்சிலால் எழுதியது.

மூன்றாவது சுற்றில் நீங்கள் எழுதிய கவிதை இது.

கிணத்துத் தண்ணி உப்பாப் போச்சு.
பசு வாய் வைக்குது, விலகுது,
திரும்பவும் வைக்குது.
எனக்கு ஒரு குடம் நல்ல தண்ணி கிடைச்சுது.
பசுவுக்கு முன்னாலை
அதைத் தூக்கிக்கொண்டு போக ஏலாமல் நிக்கிறன்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனை இருக்கும். அந்தப் பேனையை எடுத்து உங்கள் கவிதையில் ஒன்பது இடத்தில் வட்டம் போட்டேன். "கிணத்து" என்பதை வெட்டி மேலே "கிணற்று" என்று எழுதினேன். வலப்பக்கத்தில் இப்படி எழுதினேன்: "பிழைகள் ஒன்பது. பேச்சுவழக்கு கவிதையாகாது. முதலில் பிழையற எழுதப் பழகவும்."

அதன் கீழே தேவகி எழுதியிருந்தார்: "மாஸ்டர், இது உங்கள் வகுப்பு அல்ல." அதற்கும் கீழே அல்பேட்: "பசு பிறகு தண்ணீர் குடித்ததா? எனக்கு அதுதான் யோசனையாக இருக்கிறது."

அடுத்த சுற்றில் கொப்பி நெடுந்தீவுக்குப் போய் வெறும் பக்கத்தோடு திரும்பி வந்தது. அதற்கடுத்த சுற்றிலும் அப்படித்தான். உங்கள் கவிதையும் இல்லை, எங்கள் கவிதைகளுக்கு அபிப்பிராயமும் இல்லை. சங்கக்கடைக்கு நான் போனபோது தேவகி நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"ஒரு மனிசி மாடு மேய்ச்சுப்போட்டு வந்து, கை கழுவிப்போட்டு இருந்து எழுதியிருக்குது. நீங்கள் கந்தோருக்கு அனுப்புற பெட்டிசம் திருத்துற மாதிரித் திருத்தி விட்டிருக்கிறியள்."

"பிழையைப் பிழை எண்டு சொல்லக்கூடாதோ?"

"சொல்லுங்கோ. நேரை போய்ச் சொல்லுங்கோ, அவவின்ரை முகத்தைப் பாத்து."

அடுத்த சனிக்கிழமை குறிகட்டுவானில் லோஞ்ச் ஏறினேன். ஞாபகமிருக்கிறதா அக்கா, அன்றைக்குக் கடல் எவ்வளவு மோசமென்று? இரண்டு முறை சத்தி எடுத்தேன். கல்வேலிகளுக்கு நடுவே வழி விசாரித்து விசாரித்து உங்கள் வளவுக்கு வந்தபோது, உங்கள் மனிசன் அந்தோனி அண்ணை மாட்டுப் பட்டியை அடைத்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ, நீங்கள்தான் அந்தச் சிவப்புப் பேனையோ?"

எனக்கு அந்த வேலிக்குள்ளேயே புகுந்துவிடலாம் போலிருந்தது. அப்போதுதான் நீங்கள் குடத்தோடு வந்தீர்கள். என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு வெய்யிலில் கறுத்து, காலெல்லாம் புழுதியோடு, வயது மதிக்க ஏலாத ஒரு ஆளாகத் தெரிந்தீர்கள்.

"வாங்கோ மாஸ்டர். கடலுக்குள்ளாலை வந்திருக்கிறியள், முதல் தண்ணியைக் குடியுங்கோ."

குடித்தேன். நல்ல தண்ணீர் என்று நீங்கள் தந்ததே லேசாகக் கரித்தது. செம்பைக் கையில் வைத்துக்கொண்டே, "அக்கா, நான் எழுதினது பிழை. மனதிலை வைக்காதேங்கோ," என்றேன்.

நீங்கள் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை.

"பிழை பிழைதானே, மாஸ்டர். நான் எட்டாம் வகுப்போடை விட்டனான். அதுக்கு நான் கோவிக்கேல்லை. ஒன்பது இடத்திலை வட்டம் போட்டியள். மாடு தவிச்சு நிண்டதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதேல்லை. நீங்கள் அதை வாசிச்சனீங்களோ இல்லையோ எண்டுதான் எனக்குச் சந்தேகம்."

 நான் வாசிக்கவில்லை அக்கா. எழுத்தெழுத்தாகப் பார்த்தேனே தவிர, வாசிக்கவில்லை. கடைசியில் அல்பேட்டின் கேள்வியைத்தான் கேட்டேன்.

"மாடு பிறகு தண்ணி குடிச்சுதோ?"

"குடிச்சுது. அரைக்குடம் வாத்து விட்டனான்."

"அதை ஏன் எழுதேல்லை?"

"அதை எழுதினா நான் நல்லவள் எண்டு நானே சொன்ன மாதிரியெல்லோ இருக்கும்."

பதினைந்து வருடம் இலக்கணம் படிப்பித்த எனக்கு, எந்த வரியை எழுதாமல் விடவேண்டும் என்று ஒரு நாளும் யோசனை வந்ததில்லை. பின்னேர லோஞ்சுக்கு நான் வெளிக்கிட்டபோது நீங்கள் ஒரு கடதாசியை மடித்துத் தந்தீர்கள். அடுத்த கவிதையை எழுதி முடித்துத்தான் வைத்திருந்தீர்கள், அனுப்பத்தான் மனம் வரவில்லை.

"இனி எழுதுறன். ஆனா ஒண்டு. வாசிக்கிற ஆள் முதல் தான் என்ன கண்டது எண்டு எழுதவேணும். அதுக்குப் பிறகு எவ்வளவு பிழையும் சொல்லட்டும்."

"சரி அக்கா. என்னை மாஸ்டர் எண்டு கூப்பிடாதேங்கோ."

"அப்ப தம்பி எண்டுறன். போட்டு வாரும், தம்பி."

கொப்பியின் முதல் பக்கத்தில் தேவகி அந்த விதியை எழுதி வைத்தார். அதற்குப் பிறகு ஐந்து வருடம், ஏழு கொப்பி. பஸ் ஓடாத நாட்களில் சைக்கிளில் போனது, லோஞ்ச் இல்லாத மாதங்களில் காத்திருந்தது. நீங்கள் என் கவிதைகளை விட்டுவைத்தீர்களா என்ன? "பெரிய கோயில் மாதிரி இருக்குது. சாமியைத்தான் காணேல்லை" என்று ஒருமுறை எழுதினீர்கள். இன்னொருமுறை, "தம்பி, நீர் இதுக்குள்ளை எங்கை நிக்கிறீர்?" என்று மட்டும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அந்தக் கவிதையைக் கிழித்துப்போட்டு என் தம்பி கப்பலேறிப் போன நாளைப் பற்றி எழுதினேன். அதற்கு நீங்கள் எழுதிய அபிப்பிராயம்: "கண்டன்."

இனிச் சொல்லப்போவதுதான் கஷ்டம்.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு வெளிக்கிட்டபோது கையில் எடுக்க ஏலுமானதை எடுத்தோம். நான் காணி உறுதிகளை எடுத்தேன், சேட்டிபிக்கட்டுகளை எடுத்தேன், அம்மாவின் மருந்தை எடுத்தேன். அலுமாரியின் கீழ்த்தட்டில் முடிந்த ஆறு கொப்பியும் இருந்தன. எடுக்கவில்லை. இரண்டு மூன்று நாளில் திரும்பி வரலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஏழாவது கொப்பி உங்களிடம் நெடுந்தீவில் இருந்தது. அந்தத் தைரியமும் ஒரு காரணம்.

தேவகியும் அல்பேட்டும் நானும் யாழ்ப்பாணத்துக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தோம். உங்களைப் பற்றி ஒரு தகவலுமில்லை. தீவுப் பக்கத்து ஆட்கள் யாரைக் கண்டாலும் விசாரித்தோம். ஒன்றரை வருடம் கழித்து அந்தோனி அண்ணை என் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். முதலில் ஆளை மட்டுக்கட்டவே முடியவில்லை, அவ்வளவு மெலிந்திருந்தார்.

"ஞானம் செத்துப்போனாள், மாஸ்டர்."

பட்டிக் கம்பி காலில் கிழித்ததாம். துருப்பிடித்த கம்பி. சின்னக் காயம்தானே என்று நீங்கள் மஞ்சள் வைத்துக் கட்டினீர்களாம். பிறகு வாய் திறக்க ஏலாமல் வந்ததாம். ஏற்புவலி. அங்கே ஊசி மருந்து இல்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவர ஐந்து நாளாகப் படகு ஓடவில்லை. ஆறாம் நாள் ஓடியது. அதற்கு முதல் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். ஒரு ஊசி இருந்திருந்தால், ஒரு படகு ஓடியிருந்தால் என்று நான் எத்தனை தரம் நினைத்திருப்பேன்! இதற்கெல்லாம் ஆரிடம் போய்க் கேட்பது?

கொப்பியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். வள்ளத்தில் வரும்போது அலை அடித்து, பைக்குள் தண்ணீர் போய், பக்கங்கள் ஒட்டிக் கூழாகிவிட்டனவாம்.

"ஆனா அவள் எழுதினது எனக்குத் தெரியும்," என்றார். "எனக்கு வாசிக்கத் தெரியாது. பால் கறக்கேக்கை அவள் சொல்லுவாள், நான் கண்டுக்குட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். சரியோ, சரியோ எண்டு கேப்பாள். எனக்கென்ன தெரியும்? ஓம் எண்டுவன்."

அன்றைக்கே, கரும்பலகைக்கு முன்னால் நின்று மூன்று கவிதை சொன்னார் அக்கா. நீங்கள் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, நிறுத்திய இடத்தில் நிறுத்தி. பிள்ளைகள் எழுதிப் பழகிய பழைய தாள்களின் பின்பக்கத்தில் நான் எழுதினேன்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தேவகி இருக்கும் வீட்டில் கூடுகிறோம். அந்தோனி அண்ணை சொல்வதை எழுதுவோம், பிறகு எங்களுக்கு ஞாபகம் வருவதை எழுதுவோம். அல்பேட்டுக்கும் அந்தோனி அண்ணைக்கும் ஒரு வரியில் சண்டை. "கடல் பாத்துக்கொண்டு நிண்டுது" என்கிறார் அல்பேட், "கடல் பேசாமல் நிண்டுது" என்கிறார் அந்தோனி அண்ணை. இருவருமே விடுவதாயில்லை. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறோம். நேற்று வரை உங்கள் கவிதைகளில் முப்பத்தொன்று மீண்டிருந்தது. எங்கள் கவிதைகளில் அரைவாசி எங்களுக்கே ஞாபகமில்லை. நீங்கள் எழுதிய அபிப்பிராயங்கள் மட்டும் எல்லோருக்கும் பாடம்.

இதற்கிடையில் ஒரு பெரியவர் எங்களைத் தேடி வந்தார். படித்தவர், நல்ல மனிதர், அச்சகத்தில் செல்வாக்குள்ளவர். இந்தக் கடதாசித் தட்டுப்பாட்டிலும் உங்கள் கவிதைகளைப் புத்தகமாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

"பேச்சுத் தமிழைக் கொஞ்சம் செம்மைப்படுத்தினா நல்லாயிருக்கும். நீங்கள் தமிழ் வாத்தியார்தானே, உங்களுக்கு அது ஒரு மணித்தியால வேலை."

தேவகி என்னைப் பார்த்தார். அல்பேட்டும் பார்த்தார். உங்கள் பெயர் அச்சில் வரவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று அவர்களுக்குத் தெரியும். இப்படி ஒரு வாய்ப்பு இன்னொருமுறை வருமா என்றும் தெரியாது.

"திருத்தேலாது, ஐயா," என்றேன். "அவ எழுதினபடி போடுறதெண்டால் போடுங்கோ."

அவர் வருத்தப்பட்டார். தன் பெயர் கெட்டுப்போகுமாம். போய்விட்டார். அல்பேட், "அப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

"கையாலை எழுதுவம்," என்றார் தேவகி. "எங்களுக்கென்ன, கை இல்லையோ?"

இதுதான் நான் கொண்டுவந்த சேதி, அக்கா. ஐந்து பிரதி எழுதுகிறோம். ஐந்தும் ஐந்து வீட்டில் இருக்கும். ஒரு வீடு போனாலும், இரண்டு வீடு போனாலும் நீங்கள் போகமாட்டீர்கள். இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவதில் பாதி வந்துவிட்டேன். சில நாள் பேனை மை முடிந்து பென்சிலால் எழுதுகிறேன். வலப்பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறோம். இந்த ஊரில் இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டு வாங்கி வாசித்திருக்கிறார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு பார்க்கும் மிட்வைவ், மற்றவர் வண்டில்காரர். இருவரும் தாங்கள் கண்டதை எழுதியிருக்கிறார்கள். வண்டில்காரர் தன்னுடைய கவிதை ஒன்றையும் பின்னட்டையில் எழுதிவிட்டுத் தந்தார். கேட்காமலே எழுதிவிட்டேன் என்று வெட்கப்பட்டார். அவருக்கு நான் புதுக்கொப்பி தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அந்தோனி அண்ணை இப்போது இங்கே ஒருவருடைய மாடுகளைப் பார்க்கிறார். நேற்று ரோட்டில் என்னைக் கண்டு, "மாஸ்டர், இன்னுமொண்டு ஞாபகம் வந்திட்டுது," என்று கத்தினார். அந்த இடத்திலேயே சொல்லத் தொடங்கினார். கையில் கடதாசி இல்லை. ஞாயிறு வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதற்குள் அவர் மறந்துவிடுவாரோ என்று பயமாக இருந்ததால், பக்கத்து வீட்டில் கரித்துண்டு வாங்கி மதிலில் எழுதிக்கொண்டு, பிறகு வீட்டுக்கு ஓடிப்போய்க் கொப்பி எடுத்துவந்து பார்த்தெழுதினேன். முப்பத்திரண்டாவது.

ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன், அக்கா. ஒரு சொல்லையும் இனித் தொலைக்கவும் மாட்டேன். அந்தோனி அண்ணைக்குக் கடைசிக் கவிதை ஞாபகம் வரும்வரை எழுதுவேன். அதற்குப் பிறகு முதலிலிருந்து இன்னொரு பிரதி எழுதுவேன்.

கடல் கடந்து வந்து உங்களிடம் வாசிக்கப் பழகிய

உங்கள் தம்பி,
சிவநேசன்