வீட்டில் ஒருவருக்குத்தான்

திருவண்ணாமலை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன பௌர்ணமியன்று கூட்டத்தில் பஸ் நகராததால், எங்கள் தெரபிஸ்ட் நந்தினி மேடம் சென்டருக்கு வரத் தாமதமாகிவிட்டது. பக்கவாதத்தில் கை விழுந்த டீ மாஸ்டர் முருகவேல் அண்ணன், மேடம் எழுதிவைத்தபடி பலகையில் குச்சிகளைச் செருகிக்கொண்டிருந்தார்.

"இத்த வெச்சு நான் என்னம்மா பண்ணப்போறேன்?" என்று சலித்துக்கொண்டார்.

இரண்டு டம்ளரில் தண்ணீர் கொடுத்து ஆற்றச் சொன்னேன். பாதி என் மேல்தான் கொட்டியது. ஆனால் கை தோள்வரை உயர்ந்தது.

"சக்கரை கம்மியா, ஜாஸ்தியா?" என்று சிரித்தார்.

மேடம் வந்து பார்த்துவிட்டார். "யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா அசிஸ்டென்ட் பிளானை மாத்தக் கூடாது. மாத்தணும்னா டிகிரி படிச்சுட்டு வா" என்றார். பெரிய திட்டு இல்லை அப்பா. ஆனால் அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மேடம் படித்த அதே நாலரை வருடத் தெரபி படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை இல்லாமல் சேர முடியாது. அதற்கு ரேஷன் கார்டு நகலும் உங்கள் கையெழுத்தும் வேண்டும். அம்மாவிடம் குழம்புப் பொடியும் கேளுங்கள். ஒருத்திக்குத்தானே, சின்ன டப்பா போதும்.

அந்தச் சலுகை வீட்டில் ஒருவருக்குத்தான். நான் வாங்கிவிட்டால் பன்னிரண்டாவது படிக்கும் தங்கச்சிக்குக் கிடைக்காது. போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கடிதத்தை உங்களுக்குப் படித்துக் காட்டுவது அவள்தான் என்று தெரியும். தென்றல், நீ சரி என்றால் மட்டும் அப்பாவிடம் பேனாவைக் கொடு.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
அறிவுமதி