பதில் வராத இடம்

மார்ச் 3
காலை ஆறரைக்கு ஜன்னல் திரைச்சீலையை விலக்கினேன். வழக்கம்போல என் மனைவியின் கண்கள் திறந்திருந்தன, என்னைப் பார்க்கவில்லை. மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இன்று முப்பத்தோராவது நாள்.
மருத்துவமனையிலிருந்து பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றும் படிவம் வந்துவிட்டது. அங்கே படுக்கை உண்டு, சிகிச்சை கிடையாது. மகள் கையெழுத்துப் போட வேண்டாம் என்கிறாள். கட்டிலருகிலேயே நான் சொன்னேன்: "இதுல உங்கம்மா இல்லம்மா. உடம்புதான் இருக்கு." மகள் உதட்டில் விரல் வைத்தாள். எதற்கு? யார் கேட்கப் போகிறார்கள்?

மார்ச் 5
கையெழுத்துப் போடவில்லை. பேனாவில் மை இல்லை என்றேன். இருந்தது.

மார்ச் 8
டாக்டர், என் மகளைவிடச் சின்னப் பெண், ஒரு சோதனை பற்றிச் சொன்னார். தலையில் கம்பிகள் கோத்த தொப்பியை மாட்டி, பழகிய வேலை ஒன்றை மனத்துக்குள் செய்யச் சொல்வார்களாம். கேட்டுச் செய்தால் மூளையின் மின்னலைகள் மாறுமாம்.
முப்பத்திரண்டு வருடம் தத்துவ வகுப்பில் நான் சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்: நடத்தைதான் மனத்துக்குச் சாட்சி, பதிலே வராத இடத்தில் மனம் இருப்பதாகச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.
"நாம கேட்ட விதம் சரியில்லாமலும் இருக்கலாம் இல்லையா சார்?" என்றார். "சரி, அவங்களுக்கு ரொம்பப் பழகின வேலை எது?"
நாற்பத்து நான்கு வருடம் கூட வாழ்ந்தவன். யோசித்துச் சொன்னேன்: "புத்தகம் புரட்டறது."

மார்ச் 9
தொப்பி மாட்டி, புத்தகம் புரட்டுவதாக நினைக்கச் சொன்னார்கள். அலைகளில் மாற்றம் இல்லை. ஆக, நான் சொன்னதுதான் சரி. படிவத்தை எடுத்தேன், கையெழுத்துப் போடாமலே மடித்து வைத்தேன்.

மார்ச் 10
மகள் வெடித்துவிட்டாள். "அம்மா எப்பப்பா புத்தகம் புரட்டினாங்க? நீங்க புரட்டினீங்க. அவங்க டைப் அடிச்சாங்க!"
உண்மை. பத்தொன்பது வருடம் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். என் ஆய்வேடு முழுவதும் அவள் அடித்ததுதான். எனக்கு அது தோன்றவே இல்லை. அதை என் எழுத்து என்றே நினைத்திருந்தேன். டாக்டரிடம் நான் சொன்ன அந்தப் பாழாய்ப்போன வாக்கியம் ஆய்வேட்டில் வந்தபோது விரலை நிறுத்திக் கேட்டாள்: "பதில் சொல்லாட்டி மனசு இருக்குன்னு சொல்ல முடியாதா? சாப்பிடறப்ப நான் பத்து கேள்வி கேட்டா நீங்க ஒண்ணுக்கும் பதில் சொல்றதில்லையே. உங்களுக்கு?"
அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

மார்ச் 12
மறுபடி தொப்பி. "அம்மா, வலது கையால டைப் அடிக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க... இப்ப நிறுத்துங்க." பல தடவை சொன்னார் டாக்டர். பிறகு மகளின் கையைப் பிடித்தார். அடிக்கச் சொன்னபோது அலைகள் மாறியிருக்கின்றன. நிறுத்தச் சொன்னபோது பழையபடி திரும்பியிருக்கின்றன.
அப்படியென்றால் அன்று— ஐயோ. அவ இருந்தாளே. அத்தனையும் கேட்டுட்டு இருந்தாளே!

மார்ச் 13
அலைதான் எண்ணமா, இல்லை எண்ணத்தின் தடயமா? இதை வைத்து ஒரு மாலை முழுக்க வாதாடலாம். வாதாடியே தப்பிக்கப் பார்க்கிறேனோ?
படிவத்தைக் கிழித்தேன். நான்காக, விளிம்பு பார்த்து.

மார்ச் 15
ஆமாம் என்றால் டைப் அடிப்பதாக நினைக்க வேண்டும். இல்லை என்றால் சும்மா இருக்க வேண்டும். கேள்விகளுக்கு எண் போட்டு எழுதிக்கொண்டு போனேன். முதலாவது: அன்று நான் சொன்னது காதில் விழுந்ததா?
அதைத் தாண்டிப் போனேன். நான்காவதைக் கேட்டேன். "காலைல வெளிச்சம் கண்ணு கூசுதா?"
டாக்டர் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாங்கறாங்க சார்."
நாற்பத்து மூன்று நாட்கள். தினமும் ஆறரைக்கு. நான்தான்.

மார்ச் 16
திரைச்சீலையை விலக்கவில்லை. தொப்பி இல்லை, டாக்டர் இல்லை. நாற்காலியை அவள் தலைமாட்டில் இழுத்துப் போட்டு முதல் கேள்வியைக் கேட்டேன். பதில் வரவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.