செருப்பு மாட்டும்போது சொன்னவை

மார்ச் 3, திங்கள்

என் ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் ஆய்வு நெறியாளர் சார் இன்று வாங்கிக்கொண்டார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களிடம் நான் எடுத்த பேட்டிகள். இவற்றைக் கேட்டுச் செயற்கை நுண்ணறிவு கேள்வி கேட்கப் பழகிக்கொள்ளுமாம், அப்புறம் அதுவே போன் செய்து பேட்டி எடுக்குமாம்.

"நீ ஒரு நாளைக்கு ஒரு வீடு ஏறி இறங்கறே. அது ஒரே நாள்ல ஊரையே முடிச்சிரும்மா" என்றார். துறைக் கூட்டமே கைதட்டியது. நானும் தட்டினேன். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தானே.

மார்ச் 11, செவ்வாய்

மெஷின் கேட்கப்போகும் கேள்விகளைப் பார்த்தேன். முதல் கேள்வி, "நல்லா இருக்கீங்களா?" அடுத்தது, "சமாளிக்க முடியுதா?" இன்னும் இரண்டு. அவ்வளவுதான், நன்றி சொல்லி வைத்துவிடும். பல்கலைக்கழக மருத்துவமனை வாரம் இரண்டு நாள் வீடுகளுக்கு நர்ஸ் அனுப்புகிறது. அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை இந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள்.

சாரிடம் போனேன். "நல்லா இருக்கீங்களான்னு யார் கேட்டாலும் நல்லா இருக்கேன்னுதான் சார் சொல்லுவாங்க. அது பதிலே இல்ல, மரியாதை. உள்ள இருக்கறது வர்றதுக்கு நேரமாகும்."

படுக்கையில் கிடக்கும் கணவரைப் பார்த்துக்கொள்ளும் மூன்றாம் மாடி அக்காவைப் பற்றிச் சொன்னேன். முதல் தடவை போனபோது, ஒரு குறையும் இல்லை என்றே பேசி முடித்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டும்போது கதவைப் பிடித்தபடி சொன்னார்: "சில நாள் அவருக்கு மூச்சு இருக்கான்னு போய்ப் பாக்கறேன்டி. இருக்குன்னு தெரிஞ்சா அழுகை வருது." எல்லா வீட்டிலும் இப்படித்தான். அதனால்தான் தெருவுக்கு வரும்வரை நான் பதிவை நிறுத்துவதில்லை.

சார் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப மெஷினுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிடலாமா?"

மார்ச் 12, புதன்

அதற்குச் சொல்ல வேண்டிய பதில் இன்றைக்குத்தான் தோன்றுகிறது. என்ன பிரயோஜனம்.

ஏப்ரல் 2, புதன்

என் குரல். என் குரலையே கொடுத்திருக்கிறார்கள் அதற்கு!

துறையின் கணினிக்காரர் பெருமையாகப் போட்டுக் காட்டினார். "உங்க குரல்தான் மேடம் ரொம்ப தன்மையா இருந்துச்சு." "சொல்லுங்கக்கா" என்று நான் இழுப்பதுபோலவே அதுவும் இழுக்கிறது. யாரைக் கேட்டுச் செய்தார்கள்? சாரிடம் போய் நின்றால், "பதிவு துறையோட சொத்தும்மா. இதுக்குப் போய் முகத்தைத் தூக்கி வச்சுக்கறியே" என்கிறார். என் தொண்டை எப்போதிலிருந்து துறையின் சொத்து? படியிறங்கி வந்தபின் மனசுக்குள் கேட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

போன் பேட்டிகளின் முடிவு வந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் நன்றாக இருக்கிறார்கள். ஊரில் இவ்வளவு நிம்மதி கொட்டிக் கிடப்பது தெரியாமல் நான்தான் வீடுவீடாக அலைந்திருக்கிறேன்.

இந்த மாதத்தோடு நர்ஸ்களை நிறுத்துகிறார்கள். அறிக்கையில் சாரின் பெயருக்குக் கீழே என் பெயர். என்னைக் கேட்கவும் இல்லை. அண்ணனிடம் சொல்லிப் புலம்பினேன். "பேரு வந்திருக்குல்ல? வாயை மூடிக்கிட்டுப் பட்டத்தை வாங்கற வழியைப் பாரு."

மே 6, செவ்வாய்

என் பெயரை எடுங்கள், நர்ஸ்களை நிறுத்தாதீர்கள் என்று மருத்துவமனைக்கு நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். கம்ப்யூட்டரை மூடுவதற்குள் பதில்: "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி." மனிதன் எவனும் அதற்குள் முதல் பத்தியைக்கூடப் படித்திருக்க முடியாது. தூ.

மே 7, புதன்

மூன்றாம் மாடி அக்கா போன் செய்தார். நர்ஸ் வருவதில்லையாம். வீட்டுக்காரருக்கு முதுகில் புண் பெரிதாகிவிட்டதாம். தனி ஆளாகப் புரட்டிப் போட முடியவில்லையாம்.

"போன்ல கேட்டப்ப என்னக்கா சொன்னீங்க?"

"நல்லா இருக்கேன்னேன். நீதானேடி கேட்டே? ஏதோ அவசரத்துல இருந்த மாதிரி இருந்துச்சு. பாவம், வேலையா இருக்கற பொண்ணு, நேர்ல வர்றப்ப சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

அது நான் இல்லை, மெஷின் என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

"சும்மா இருடி. உன் குரல் எனக்குத் தெரியாதா?"

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு அழக்கூட அருகதை இல்லை.

மே 20, செவ்வாய்

வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறித்தாயிற்று. "இனிமே உன்னை டாக்டர்னுதான் கூப்பிடணும்" என்றார் சார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், "வாங்க" என்றார். என்னை வாங்க என்கிறார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார்.

"இந்த வெயில்ல நீங்க எதுக்கும்மா சிரமப்பட்டு வந்தீங்க? பழைய நர்ஸ் சொன்னாங்க, அறிக்கையில உங்க பேரும் இருக்குதாமே. சந்தோஷம்."

புண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பரவால்லைங்க" என்றார்.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கணவர் முனகிக்கொண்டே இருந்தார். அக்கா எழுந்து போகவில்லை. நான் கிளம்பட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.