இருபது சதவீத இருட்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஆய்வகத்தில் முதல் நோயாளிக்கு ரத்தம் எடுக்கும்போது கை நடுங்கியது. அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேலைக்குப் புதிதா என்று கேட்டார். இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. காரணம், காலையில் என்னைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்ட இவர், என் வீட்டுக்காரர்தான். வலது பக்கத்திலிருந்து வந்த பால் வண்டி எனக்குத் தெருக்கோடியிலேயே தெரிந்துவிட்டது. இவருக்கு மட்டும் அது பக்கத்தில் வந்த பிறகு பூமியிலிருந்து முளைத்ததாம்.

கண் டாக்டர் போன மாதமே தெளிவாகச் சொல்லிவிட்டார். கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வை போய்விட்டது. நேராக இருப்பது மட்டும் தெரியும். இனி வண்டியைத் தொடக் கூடாது. லைசென்ஸைப் புதுப்பிக்கப் போன இடத்திலும் கண்ணைச் சோதித்துவிட்டு, முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "பயமுறுத்தினாத்தான நாம திரும்பத் திரும்ப வருவோம்? டாக்டருங்க எல்லாம் அப்படித்தான்."

சொல்கிறவர் யார்? வேலையில் இருந்தவரை, இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்தில் அடிபட்ட வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, யார் மேல் தப்பு என்று எழுதிக் கொடுத்தவர். ஒரு கீறலைக் காட்டினால் போதும், எவன் எங்கே பராக்குப் பார்த்தான் என்று புட்டுப் புட்டு வைப்பார். சொந்தக் கண் விஷயத்தில் மட்டும் விசாரணை நடந்துகொண்டே இருக்கிறது.

நான் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவ்வளவு நேரம் சிரிக்க அதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

மார்ச் 5, வியாழன்

நேற்று நான் பஸ்ஸில் போய்விட்டேன். இவர் அதற்காக வீட்டில் இருந்தாரா? தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். சாவியை ஒளித்து வைத்தால் இன்னொன்று வைத்திருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் "நில்லுங்க" என்றாவது கத்தலாம். ஆக, மனைவி பதவியோடு இப்போது ஓரக்கண் பதவியும்.

மார்ச் 9, திங்கள்

வேலை முடிந்து வந்து பார்த்தால், கீழே நம் இடத்தில் யாரோ கறுப்புக் கண்ணாடி போட்ட கார் நிறுத்தியிருந்தார்கள். காவலாளியைக் கூப்பிட்டுச் சண்டை போடலாம் என்று போனேன். நம்பர் நம்முடையது.

கண்ணாடி எல்லாவற்றிலும் கறுப்பு ஃபிலிம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஏன் என்றால், டாக்டர் வெயில் படக் கூடாது என்றாராம். வண்டி ஓட்டக் கூடாது என்று அவர் சொன்னது காதில் விழவில்லை, வெயில் மட்டும் துல்லியமாக விழுந்திருக்கிறது.

உண்மைக் காரணம் சாயங்காலம் வெளியே வந்தது. மகளிடம் போனில் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "உள்ள யாரு உக்காந்திருக்கா, யாரு ஓட்டறா, ஒருத்தனுக்கும் தெரியாது. சிக்னல்ல நிக்கிற போலீஸ்காரன் என் மூஞ்சியப் பாத்தாத்தான லைசென்ஸ் கேக்கத் தோணும்?" மகள் ஏதோ கேட்டாள் போல. "அதெல்லாம் சட்டப்படிதாம்மா. எழுபது சதவீதம் வரைக்கும் போடலாம். உங்கப்பா வெறும் இருபதோட நிறுத்திக்கிட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஓர் அடக்கம் இருந்தது.

அடக்கமாம். உள்ளே உட்கார்ந்தால் கிணற்றுக்குள் இறங்கியது போல் இருக்கிறது. இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற எனக்கே பக்கத்தில் போகிற சைக்கிள் தெரியவில்லை. கண் மங்கியவர் கண்ணாடியையும் மங்க வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இந்த யோசனையை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

மார்ச் 10, செவ்வாய்

ஃபிலிம் காய்கிறவரை கண்ணாடியை இறக்கக் கூடாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இறக்கினால் சுருங்கிவிடுமாம். மருத்துவமனை வாசலில் சீட்டு கொடுக்கும் இயந்திரத்தின் பொத்தானை அழுத்த வேண்டும். இவர் கதவைத் திறந்தார். கதவு இயந்திரத்தில் இடித்தது. வண்டியைப் பின்னால் எடுத்தார். கை எட்டவில்லை. மறுபடி முன்னால். கடைசியில் இறங்கி, நடந்து போய் அழுத்திவிட்டு, நடந்து வந்து ஏறிக்கொள்வதற்குள் தடுப்பு மேலே போய்க் கீழே இறங்கிவிட்டது.

யார் கண்ணிலும் படக் கூடாது என்று ஒட்டியவரை மருத்துவமனையே வேடிக்கை பார்த்தது. என்னோடு வேலை செய்கிற பெண், "உங்க வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கிட்டாரா மேடம், யாரோ பெரிய ஆளோன்னு நினைச்சேன்" என்றாள். பெரிய ஆள்தான் என்றேன்.

மார்ச் 14, சனி

வண்டிக்குள் துடைக்கும் துணியைத் தேடும்போது ஃபிலிம் கடைக்காரர் கொடுத்த அட்டை கிடைத்தது. பெட்டி பெட்டியாகச் சாம்பல் நிறத்தில் சாயம் காட்டியிருந்தது. எழுபது என்று போட்ட பெட்டி வெள்ளையாக இருக்கிறது. இருபது என்று போட்டது கரி. ஐந்து என்று போட்டது அட்டக் கரி. தலைகீழாக அச்சடித்துவிட்டார்களா என்று கடைக்குப் போன் செய்து கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். அந்த எண் இருட்டின் அளவு இல்லையாம், உள்ளே விடுகிற வெளிச்சத்தின் அளவாம். முன்பக்கத்தில் எழுபதாவது உள்ளே போக வேண்டும் என்பதுதான் சட்டம். இருபது என்றால் கப்பென்று இருட்டு. "சார்கிட்ட சொன்னேன் மேடம். குறைச்சலா இருக்கறதே போதும், ஆசைப்படக் கூடாதுன்னுட்டாரு."

ஆக, மனிதர் சட்டத்துக்குப் பயந்து, இருப்பதிலேயே சின்ன எண்ணுக்குப் பக்கமாகப் போயிருக்கிறார். ஐந்து வேண்டாம், கஞ்சத்தனமாக இருக்கும் என்று விட்டாரோ என்னவோ.

இவரிடம் சொல்லலாம் என்றுதான் அட்டையோடு மேலே வந்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாசலில் நின்று, தன்னைப் போல் எல்லோரும் இருபதோடு நிறுத்திக்கொண்டால் நாடு உருப்படும் என்று பேசிக்கொண்டிருந்தார். அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இருக்கட்டும்.

மார்ச் 17, செவ்வாய்

மருத்துவமனைக்குப் பின்தெருவில் இருக்கிற டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். இவருக்குச் சொல்லவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் வகுப்பு. சொல்லிக்கொடுக்கிற மேடம் என் மகள் வயதுகூட இருக்க மாட்டார், ஆனால் அதட்டுகிற அதட்டலில் என் மாமியார் தோற்றார். பிரேக்கைப் பார்த்துப் பார்த்து மிதித்தேன். "நரம்பு தேடாதீங்கம்மா, மிதிங்க" என்கிறார்.

மார்ச் 19, வியாழன்

டாக்டர் சொன்னதை மறுபடி எடுத்தேன். மகளும் போனில் அழுதாள். இவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். காரை விட்டால் தனக்கு வேறு என்ன இருக்கிறது என்று அறைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. அப்போது கொஞ்சம் பாவமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துவிடும்.

மார்ச் 22, ஞாயிறு

இப்பவே எழுதிடறேன்.

காய்கறி வாங்கிட்டு வந்தோம். நான் இறங்கி, பின்னாடி டிக்கியிலேர்ந்து பையை எடுத்து மூடிட்டு, வண்டிக்குப் பின்னாடியே ஓரமா நின்னேன். எனக்குப் பின்னாடி தூண். இவர் வண்டி கோணலா நிக்குதுன்னு நேராக்கப் போறாராம். ரிவர்ஸ் எடுத்துட்டார். நான் அங்கதான் நிக்கறேன். அங்கதான். வண்டி என் இடுப்ப தூணோட வச்சு அழுத்துது. கண்ணாடியில அடிச்சேன். கத்தினேன். உள்ள ஒண்ணும் தெரியல, கறுப்பு, அதுல என் முகம்தான் வாயத் தொறந்துட்டு நிக்குது. உள்ள பாட்டு ஓடிட்டிருந்திருக்கு. காவலாளி ஓடி வந்து முன் கண்ணாடியில அறைஞ்சப்புறம்தான் நின்னுது.

இறங்கி வந்தாரு. என்ன சொல்லுவாருன்னு நினைச்சேன்? என்னைப் பாத்தாரு, தூணப் பாத்தாரு, டயர் தடத்தப் பாத்தாரு. "நீ ஏன் அங்க நின்ன? வண்டி நகரும்போது அங்க நிக்கலாமா?"

தப்பு என் மேலயாம். இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டாலும் இதத்தான் எழுதிக் குடுத்திருப்பாரு.

கீழ இருக்கற பழக்கடைக்காரர் மகள், நாலு வயசு, எப்பவும் அந்தத் தூணுக்கிட்டதான் விளையாடும். இன்னைக்கு அது இல்ல. நான் இருந்தேன்.

மார்ச் 23, திங்கள்

இடுப்பில் நீலம் பாரித்திருக்கிறது. எலும்புக்கு ஒன்றும் இல்லை.

மதியம் மருத்துவமனை மாடிப்படியில் நின்று போக்குவரத்துப் போலீசுக்குப் போன் செய்தேன். கறுப்புக் கண்ணாடி கார், நம்பர் இது, தினமும் காலையில் பெரிய சிக்னல் வழியாக வரும், ஓட்டுகிறவரிடம் லைசென்ஸ் கேளுங்கள் என்றேன். ஓட்டுகிறவர் யார் என்று தெரியுமா என்று எதிர்முனையில் கேட்டார்கள். தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்றேன். நம்பரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து இவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். நல்லா இருக்கு என்றார். குற்ற உணர்வு வரும் என்று காத்திருந்தேன். இடுப்பு வலிதான் வந்தது.

மார்ச் 26, வியாழன்

பிடித்துவிட்டார்கள்.

பெரிய சிக்னலுக்கு முன்னால் ஒரு பெண் போலீஸ் அதிகாரி கை காட்டினார். இவர் ஓரமாக நிறுத்தினார். என்னிடம், "நீ பேசாத, நான் பாத்துக்கறேன்" என்றார். பேசுகிற எண்ணமே எனக்கு இல்லை.

அதிகாரி கண்ணாடி கறுப்பாக இருக்கிறதே என்றார். இவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, சட்டம் தெரிந்தவர் குரலில், எழுபது வரைக்கும் அனுமதி இருக்கிறது, தான் வெறும் இருபதுதான் போட்டிருப்பதாகச் சொன்னார். அந்தம்மா ஒரு சின்ன அளவுக் கருவியை எடுத்துக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் பொருத்தினார். எண் விழுந்தது. பதினாறு. வண்டிக் கண்ணாடியே கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும் போல, அதற்கு மேல் ஃபிலிம் தின்றது போக மிச்சம் அவ்வளவுதான்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பூரித்துப் போய்விட்டார். "பாத்தீங்களா, இருபதுகூட இல்ல."

அதிகாரி இவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேலி செய்கிறாரா என்று சந்தேகம் வந்திருக்கும். பிறகு, இது இருட்டின் கணக்கு இல்லை, வெளிச்சத்தின் கணக்கு என்று, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குச் சொல்வது போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இவர் என் பக்கம் திரும்பினார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

அடுத்து லைசென்ஸ் கேட்டார். இவர் பழையதை நீட்டி, கண் சோதனையில் தேறாததால் புதுப்பிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அபராதம், எச்சரிக்கை, ஃபிலிமைப் பிய்த்துவிட்டு வந்து காட்ட வேண்டும், கண் டாக்டர் சொல்லாமல் இனி ஓட்டினால் வழக்கு. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சுருங்கிவிட்டார். நான் கேட்டது இதைத்தானே? கேட்டது கிடைத்தும் இவர் பக்கம் பார்க்க முடியவில்லை.

வண்டியை யார் எடுப்பது? உங்களுக்கு ஓட்டத் தெரியுமா என்று அதிகாரி என்னைக் கேட்டார். "கத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். இவர் தலை மறுபடி என் பக்கம் திரும்பியது. டிரைவிங் ஸ்கூல் மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் வந்து ஓட்ட, நான் முன்னால், இவர் பின்னால் என்று வீடு வந்து சேர்ந்தோம்.

மார்ச் 29, ஞாயிறு

கீழே போய் நானே பிய்த்தேன். முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, ஓரத்தை நகத்தால் கிளப்பி, சோப்புத் தண்ணீர் அடித்து இழுத்தால் பாம்புச் சட்டை மாதிரி வந்தது. பசை மட்டும் போகமாட்டேன் என்றது. இவர் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்து, பழைய துணியை எடுத்து மறுபக்கம் துடைக்க ஆரம்பித்தார். ஓரங்களை எல்லாம் விட்டுவிட்டார். நான் அப்புறம் துடைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 18, சனி

லைசென்ஸ் வந்துவிட்டது. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இவர் செய்கிற அட்டகாசம் தாங்கவில்லை. காலால் இல்லாத பிரேக்கை மிதிக்கிறார். இன்று ஒரு வளைவில் "சபாஷ்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, உடனே இருமினார்.

மே 8, வெள்ளி

கண் பரிசோதனைக்கு நான்தான் ஓட்டிப் போனேன். அழுத்தம் குறைந்திருக்கிறதாம். போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வண்டி பற்றி இவர் கேட்கவே இல்லை.

திரும்பி வரும்போது பெரிய சிக்னலில் சிவப்பு. இவர் நேராகப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"போலீஸுக்கு நீதான் சொன்ன."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்தம்மாகிட்ட நான் இருபதுதான்னு பெருமையா சொன்னப்ப நீ திருத்தல, அவங்க விளக்கினப்ப ஆச்சரியமும் படல. நான் காபின்னு சொன்னா டீன்னு திருத்துற ஆளு நீ. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

ஆயுசு முழுக்க யார் மேல் தப்பு என்று கண்டுபிடித்தவர் இல்லையா, என்னை மட்டும் விட்டுவிடுவாரா? அப்படியானால் இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா ஏன்னு நீ சொல்லுவ. அந்தத் தூண சொல்லுவ." பிறகு, "தப்பு என் மேலதான். எழுதிக் குடுன்னாலும் குடுக்கறேன்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் நின்றவன் விடாமல் ஹாரன் அடித்தான். பதற்றத்தில் கியர் விழவில்லை, வண்டி நின்றுவிட்டது. இவர் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கி, தலையை வெளியே நீட்டி, சிக்னலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இருய்யா, என் பொண்டாட்டி ஓட்டறா." பிறகு என் பக்கம் திரும்பி, "எடும்மா."

எடுத்தேன்.