கடை தரவேண்டிய ஒரு ரூபா

என் மேசையில் மூன்று கடன் அட்டைகளின் விளம்பரத் தாள்கள் கிடக்கின்றன. பழைய அட்டைக்கு வருடக் கட்டணத்தைக் கூட்டிவிட்டார்கள். அதை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுக்கப் போனேன். வங்கியில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. "அம்மா, இதுக்கு வட்டி குறைவு. மாதா மாதம் கொஞ்சமாக் கட்டினால் காணும்," என்றாள். "நான் மாதம் முடிய முழுக்கக் கட்டிறனான் பிள்ளை. எனக்கு வட்டி கூடினாலென்ன, குறைஞ்சாலென்ன?" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது உம்முடைய பேச்சு என்று தெரிந்தது.

நீர் இருந்திருந்தால் இந்தத் தாள்களில் சிரித்துக்கொண்டு நிற்கிற குடும்பங்களை ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டீர். பின்பக்கம் திருப்பி, அடியில் உள்ள சின்ன எழுத்தைத்தான் முதலில் வாசித்திருப்பீர்.

அறுபதுகளில் நமக்கு ஏது அட்டை? கொப்பிதான். கடையில் வாங்கியதை எல்லாம் நம் பெயரில் ஒரு கொப்பியில் எழுதுவார்கள், சம்பளம் வந்ததும் கட்டுவோம். நாம் இரண்டு சிநேகிதிகளும் வேலணையில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, சரவணையில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தோம். நீர் நெடுந்தீவு, நான் மடத்துவெளி. நீர் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, நான் சைவம். ஒரே குசினி, இரண்டு சட்டி. வெள்ளிக்கிழமைகளில் எனக்காக மீனை விட்டீர். அதை ஒரு வெள்ளியாவது சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை.

சந்திக் கடையில்தான் முதலில் கொப்பி வைத்திருந்தோம். ஒருநாள் நமக்கு முன்னால் நின்றவர் கைக்காசு கொடுத்துச் சவுக்காரம் வாங்கினார். அதே சவுக்காரம் நம் கொப்பியில் ஐந்து சதம் கூட. நீர் கேட்டீர். "கொப்பிக்காரருக்கு அந்த விலைதான் ரீச்சர். காசு சுணங்கித்தானே வாறது," என்றார் முதலாளி.

"எனக்கு எப்ப சுணங்கினது?"

அவர் அடுத்த ஆளுக்குச் சீனி நிறுக்கத் தொடங்கினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீர் பொரிந்து தள்ளினீர். அஞ்சு சதம்தானே, விடும் என்றேன். "உமக்கு அது அஞ்சு சதம். ஆரோ மூண்டு மாதம் இழுத்தடிக்கிற கடனுக்கு நான் தெண்டம் கட்டிறன். கொப்பியை மாத்துவம்," என்றீர்.

அடுத்த சனிக்கிழமை குடையும் கையுமாகப் புறப்பட்டோம். ஊர்காவற்றுறையில் துறைமுகத்தடிக் கடை பெரிய கடை. வருடப் பிறப்புக்குக் கலண்டர், பெருநாளுக்கு ஒரு போத்தல் நல்லெண்ணெய் என்று ஆசை காட்டினார்கள். ஆனால் கொப்பி திறக்க ஐம்பது ரூபா முன்பணம். எனக்கு அந்தக் கலண்டரில் ஒரு கண். "ஒரு கலண்டருக்காக என்ர அம்பது ரூபா வருசம் முழுக்க இவையிட்டைப் படுத்திருக்கிறதோ? பஸ் காசை ஆர் தாறது?" என்று என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தீர். இரண்டாவது கடையில் எல்லாம் சரியாக இருந்தது, அவர் பென்சிலை எடுத்து, "வீட்டு ஆம்பிளையின்ர பேர் என்ன?" என்று கேட்கும் வரைக்கும்.

"வீட்டிலை ஆம்பிளை இல்லை. சம்பளம் இருக்கு," என்றீர். சம்பளம் மட்டும் காணாதாம், ஆம்பிளைப் பெயர்தான் வேணுமாம்.

மூன்றாவது, சரவணையிலேயே கோயிலடிக் கடை. அன்பளிப்பு ஒன்றுமில்லை. கைக்காசுக்கும் கொப்பிக்கும் ஒரே விலை. ஐந்தாம் திகதிக்குள் கட்டாவிட்டால் ஒரு நெருப்புப்பெட்டியும் தரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். எனக்குப் பயமாகப் போய்விட்டது. உமக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "இவர்தான் எங்கட ஆள். நாங்கள் எப்பிடியும் முதலே கட்டிறம். இவற்ர கண்டிப்பு மற்றவைக்கு," என்றீர். ஆளுக்கொரு கொப்பி, அவரவர் பெயரில்.

ஆனால் அந்த மாதச் சம்பளத்தோடு வந்தது சண்டை. உம் கணக்கு இருபத்தேழு ரூபா நாற்பது சதம். முழுவதையும் எண்ணி வைத்தீர். அவர் அதில் ஒரு ரூபாத் தாளை எடுத்து உம் பக்கம் தள்ளினார்.

"ஒரு ரூபா நிக்கட்டும் ரீச்சர். கொப்பியை முழுக்க வெட்டக்கூடாது. கணக்கு நிண்டால்தான் உறவு நிக்கும்."

அது அவர் மட்டும் சொன்னதல்ல. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். கணக்கை ஒரு சதம் மிச்சமில்லாமல் தீர்ப்பதென்றால், இனி உன் கடைப்படி ஏறமாட்டேன் என்று சொல்வதற்குச் சமம். உமக்கும் அது தெரியும்.

"உறவு நிக்கட்டும் அண்ணை. கடன் நிக்க ஏலாது," என்று தாளைத் திருப்பித் தள்ளினீர். அவர் மறுபடி இந்தப் பக்கம். கடை வாங்கிலில் குந்தியிருந்த ஒருவர், "பெரியாக்கள் சொன்னால் கேக்கவேணும் பிள்ளை," என்றார். நீர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து இன்னொரு ரூபாவை எடுத்து அந்தத் தாளின் மேல் வைத்தீர்.

"கணக்கு நிக்கத்தான் வேணுமெண்டால் இப்பிடி நிக்கட்டும். நீங்கள் எனக்கு ஒரு ரூபா தரவேணும். எழுதுங்கோ."

அவர் பென்சிலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் எழுதினார்: 'ரீச்சருக்குக் கடை தரவேண்டியது ரூபா ஒன்று.' அடுத்தது என் கொப்பி. நான் பேசாமல் ஒரு ரூபாவைக் கடனாக விட்டுவிட்டு வந்தேன். என் கோழைத்தனத்தை நீர் ஒரு நாளும் பகிடி பண்ணவில்லை. பண்ணியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வரும் வழியில்தான் சொன்னீர். "எங்கட ஐயா சம்மாட்டியாற்ற வள்ளத்திலை மீன்பிடிக்கப் போனவர். ஒவ்வொரு வருசமும் கணக்குப் பார்த்திட்டு, கொஞ்சம் நிக்கட்டும் எண்டு விடுவினம். கொஞ்சம் நிண்டால் அடுத்த வருசமும் அவையின்ர வள்ளந்தான், வேறை ஒருத்தரிட்டையும் போக ஏலாது. ஐயா செத்தண்டு, பெட்டி மூட முதல், அந்தக் கொஞ்சத்தைக் கேட்டு ஆள் வந்தது. அண்ணை பள்ளிக்கூடத்தை விட்டிட்டு வள்ளம் ஏறினவர்." கொஞ்சத் தூரம் நடந்தபின், "என்ர சாவுக்கு அப்பிடி ஒருத்தரும் வரக்கூடாது," என்றீர். நமக்கு அப்போது இருபத்தாறு வயது.

பத்து வருடத்துக்கு மேல் அந்த ஒரு ரூபா ஒவ்வொரு மாதமும் உம் கொப்பியின் கடைசி வரியில் நின்றது. அதே வருடங்களில் என் ஒரு ரூபாவும் என் கொப்பியில் நின்றது, மற்றப் பக்கமாக.

உம்மைப் பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்தது பதினோரு நாட்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள், காய்ச்சலோடு நடந்து போய்க் கணக்கைக் கட்டினீர். உம்மைப் பெட்டியில் வைத்து நெடுந்தீவுக்குக் கொண்டுபோகக் குறிகட்டுவான் துறையில் லோஞ்சுக்குக் காத்து நின்றபோது, கடைக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். பெட்டி மூட முதல் ஆள் வந்தது என்று நீர் சொன்னதுதான் எனக்கு நினைவு வந்தது.

அவர் மடியை அவிழ்த்து ஒரு ரூபாவை எடுத்தார். "ரீச்சர் எல்லாம் கட்டிப்போட்டுத்தான் போனவ. நான் தரவேண்டியதுதான் நிக்குது. செத்த ஆளுக்கு நான் கடன்காரனா இருக்க ஏலாது."

உம் அண்ணன் கையை நீட்டினார். நான் குறுக்கே போய் நின்றேன். அதுவரை நான் எதற்கும் குறுக்கே நின்றவள் இல்லை.

"வைச்சிருங்கோ அண்ணை. கணக்கு நிண்டால்தான் உறவு நிக்குமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அவர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரூபாவை மடியில் முடிந்தார். லோஞ்சு கண்ணுக்கு மறையும் வரைக்கும் அவர் துறையில் நின்றாராம். உம் சாவுக்கும் கடன் சொல்லி ஒருவர் வந்தார்தான், ஆனால் கடன்பட்டவர் அவர். அழுகைக்கு நடுவிலும் எனக்கு அதில் ஒரு திமிர் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அடுத்த சம்பளத்துக்கு நான் தனியே கடைக்குப் போய், நின்ற ஒரு ரூபாவையும் சேர்த்துக் கணக்கை முழுக்கக் கட்டி, அதற்கு மேல் ஒரு ரூபா வைத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் எழுதினார். கடை இப்போது இல்லை, அவரும் இல்லை. நம் இருவருக்கும் தரவேண்டியது அப்படியே நிற்கிறது.

மூன்று தாள்களில் ஒன்றை எடுத்துவிட்டேன். வட்டி கூடின அட்டை. வருடக் கட்டணம் இல்லை, கட்டும் திகதி என் ஓய்வூதியத்துக்கு ஐந்து நாள் பின்னால். வங்கிப் பிள்ளைக்கு என்னை விளங்கவில்லை. இனி மாதா மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வரும், பழைய அட்டைக்கும் வந்ததுதான். "அம்மா, நீங்கள் ஒரு ரூபா கூடக் கட்டிப்போட்டியள். வங்கிதான் உங்களுக்குத் தரவேணும்."

"ஓம் பிள்ளை, தெரியும்," என்பேன். "நிக்கட்டும்."