கல்லறைத் தோட்டத்துச் சுவர்

இயேசு மரி சூசை துணை

மாயவரம் தாலுகா,
12-11-1970

என் அன்பு மகன் செல்லதுரைக்கு அப்பா எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் சிங்கப்பூரில் நீயும் மருமகள் அக்னஸும் பேத்தியும் சுகமாயிருப்பீர்கள், இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைத்தான் கேட்காதே.

உன் கடிதம் கிடைத்தது. நம்ம ஊர் மாதிரி உலகத்தில் உண்டா என்று அங்கே எல்லாரிடமும் பீற்றிக்கொள்கிறேன், கிறிஸ்துமஸுக்கு வந்து நம் கோயிலிலேயே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். படித்த உடனே அம்மா தொட்டில் துணியைத் துவைத்து வெயிலில் போட்டுவிட்டாள். நானும் உன்னைப் போலத்தான்டா, காவிரித் தண்ணீர் நம் வாய்க்காலில் திரும்புகிற அன்றைக்கு வரப்பில் நின்றால் என்னை மிஞ்சி ஒரு ராஜா கிடையாது, ஊர் உலகத்துக்கெல்லாம் சோறு போடுகிற மண் என்று நெஞ்சு நிமிரும். அதனால்தான் இதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

குறுவை அறுப்பில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுத் தெற்குத் தெரு ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். கேட்டது நியாயம், நான் கொடுத்துவிட்டேன். பெரிய மிராசுதார்கள் வெளியூர் ஆளை இறக்கினார்கள், போலீஸ் வேன் களத்திலேயே நின்றது. நம் வயலைப் பார்க்கிற பெரியநாயகசாமி சும்மா இருந்திருக்கலாம், வெளியூர் ஆட்களிடம் போய் “நீங்களும் எங்களாட்டம் கூலிதானேய்யா, அறுக்காதீங்க” என்று கும்பிட்டுச் சொல்லியிருக்கிறான். மிராசு ஆட்கள் கம்பால் மண்டையை உடைத்துவிட்டார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

நம் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் இருப்பது உனக்குத் தெரியும், நமக்கு மேட்டுப் பக்கம், தெற்குத் தெருவுக்குப் பள்ளம். ஐப்பசி மழை விடவேயில்லை, அவனுக்கு வெட்டின குழியில் ஊற்று கிளம்பி, இறைக்க இறைக்க நிறைந்துகொண்டே இருந்தது. மேட்டில் என் அப்பா பக்கத்தில் நம் குடும்பத்து இடம் காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே வையுங்கள் என்றேன். நாட்டாண்மைக்காரர்கள் கேட்டை மறித்துக்கொண்டார்கள், அதில் உன் சித்தப்பாவும் ஒருத்தன். “செத்தாலும் எல்லை எல்லைதாண்ணே, போய் வேலையப் பாருங்க” என்கிறான் என்னிடம். பெட்டி மிதந்தது, செல்லதுரை. மேலே கல்லைத் தூக்கி வைத்து அமுக்கினார்கள். சாமியார் மந்திரித்துவிட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அவன் பெண்சாதி சவரியம்மாள் அழக்கூட இல்லை, அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவிகள், இவர்களா கிறிஸ்தவர்கள்! மறுவாரம் கடைத்தெருவில் மேடை போட்டுத் தமிழருக்குள் மேல் கீழ் கிடையாது என்று கட்சிக்காரர்கள் மைக்கில் முழங்கினார்கள், அங்கே முதலில் கைதட்டினவனும் உன் சித்தப்பாதான்.

இனி உன் விஷயம். அக்னஸின் தாத்தா எந்தத் தெருவிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறினார் என்பதைக் கிண்டிக் கிளறி விசாரித்துவிட்டார்கள். கோயிலில் நீ வழக்கம்போல வலப்பக்கம் உட்காரலாமாம், அவளும் பிள்ளையும் இடப்பக்கம் தெற்குத் தெருவோடு உட்கார வேண்டுமாம். வாசலில் வந்து நின்று சொல்கிறார்கள், எவ்வளவு திமிர் பார்! அம்மா விளக்குமாற்றைத் தூக்கிவிட்டாள். ஆகையால் நீ வராதே. ஞானஸ்நானம் அங்கேயே நடக்கட்டும். என் பேத்தியை இந்த ஊர் தள்ளி உட்காரவைப்பதை என் கண்ணால் பார்க்க மாட்டேன். எங்களை அங்கே வரச்சொல்லிக் கூப்பிடாதே, சம்பா நட்டிருக்கிறது, இந்த மண்ணை விட்டு எனக்கு இருக்கத் தெரியாது, இவ்வளவு பார்த்தும் இந்தப் பாழாய்ப்போன ஆசை போகவில்லையே, என்ன செய்வேன். அக்னஸிடம் எதையும் மறைக்காதே, பக்குவமாகச் சொல். பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மழையில் வெளியே தூக்காதீர்கள்.

தேவமாதா உங்கள் மூவரையும் தன் மடியில் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. என்னைப் பெரியநாயகசாமிக்குப் பக்கத்தில், பள்ளத்தில்தான் வைக்கவேண்டும் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டேன், அம்மாவும் சரி என்றுவிட்டாள். தந்தி கிடைத்தால் மூன்று பேருமாக வாருங்கள். அந்தப் பக்கம் வந்து நிற்க அக்னஸை எவனும் தடுக்க மாட்டான்.

இப்படிக்கு,
உன் அப்பா
குழந்தைராஜ்