பால் பொங்கிய மாளிகை

லண்டன்
வைகாசி, 1991

இஞ்சாருங்கோ,

கொழும்பு லொட்ஜில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். விசாக் கதையை இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதில்லை.

நான் துப்புரவு செய்யும் மாளிகைக்கு முந்நூறு வயது. சனம் டிக்கெட் எடுத்துப் பார்க்க வருகிறது; சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் எங்களுக்கு அனுமதி இல்லை. அதன் மேல்மாடியில் எனக்கு ஓர் அறையும் சமைக்கக் குட்டிக் குசினியும் தந்திருக்கிறார்கள். குடிபுகும்போது சும்மா இருக்க மனம் வருமா? பால் காய்ச்சினேன். அது பொங்கி அடுப்பில் வழிந்து புகைந்ததுதான் தாமதம், மாளிகை முழுக்க அலாரம் அலறியது. பார்க்க வந்த வெள்ளைக்காரர் எல்லாரும் புல்வெளியில். தீயணைப்பு வண்டி வாசலில். நான் கையில் கரண்டியோடு.

பொறுப்பாளர் மார்கரெட்டுக்குச் சரியான கோபம்.

"அடுப்பைக் கவனியாமல் எங்கை போனனீ?"

"கவனிச்சுக்கொண்டுதான் நிண்டனான். பொங்கவேணும் எண்டுதான் விட்டனான்."

எங்கள் வழக்கத்தை விளக்கினேன். பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்ப்போம் என்றும் சொன்னேன். அவருடைய முகம் மாறியது.

"எந்தப் பக்கம் வழிஞ்சது?"

"பார்க்க விட்டாத்தானே! என்னை இழுத்துக்கொண்டெல்லோ ஓடினனீங்கள்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப அது கணக்கில்லை. உன்ரை மனிசன் வந்த பிறகு இரண்டுபேருமாய்க் காய்ச்சுங்கோ. அண்டைக்கு அலாரத்தை நான் நிப்பாட்டிவிடுறன்."

எப்போது வருவீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நல்லகாலம். பால் காய்ச்சிய பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வேறொன்றுக்கும் அதை எடுக்கமாட்டேன்.

இன்னும் குடிபுகாத,
உங்கள் மனிசி